மேலே போனதும் திரும்பி வராததும்

மூன்று நாளாக எனக்கு எல்லாம் கேட்கிறது,
நான்தான் யாருக்கும் கேட்கவில்லை.
விசாகப்பட்டினத்துக்காரர் ஒருவர்
மாவட்டம் முழுவதற்கும் மைக் பிடித்ததுபோல் பேசுகிறார்.
கொழும்பிலிருந்து ஒரு பெண், இருமலோடு.
இடைவெளி பார்த்து நுழைகிறேன்.
என் அழைப்புக்குறியின் மேலேயே அடுத்தவர் ஏறி உட்காருகிறார்,
ஷேர் ஆட்டோவில் இடம் பிடிப்பதுபோல.

காசிமேடு, மூன்றாவது மாடி, டிசம்பர்.
பகலில் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன்.
தண்ணீர் டேங்க் ஓரம், பிவிசி குழாயில்
அளவு நாடாவை வெட்டிப் பொருத்திய என் ஆன்டெனா.
மஞ்சள் பட்டையில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று
எண்கள் இன்னும் அழியவில்லை.
காக்கை உட்கார்ந்தால் வளையும், எழுந்தால் நிமிரும்.
அதில் பழுது கிடையாது. அளந்துவிட்டேன்.

முதலில் இரைச்சலைத் தேடினேன்.
ரேடியோவைக் கையில் ஏந்தி
மாடி முழுக்க மோப்பம் பிடித்து நடந்தேன்.
இன்வெர்ட்டர், சுத்தம். கேபிள் டிவி பெட்டி, கொஞ்சம்.
கீழ்வீட்டு டெல்மா கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரை நெருங்கியதும்
காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம்.
"பதினொரு நிமிஷம் அணைச்சு வைக்கிறியா?"
"எதுக்குக்கா?"
"மேல ஒண்ணு போவுது. அது பேசறது கேக்கணும்."
அவள் அண்ணாந்து பார்த்தாள். மேகம்தான்.
சுவிட்சைத் தட்டினாள்.

கேட்பது தெளிந்தது. அவ்வளவுதான்.

மீட்டரைப் பார்த்தால் ஒன்று புள்ளி ஒன்று.
அழகான எண்.
அனுப்பியதில் எதுவும் திரும்பி வரவில்லை,
எல்லாம் போய்ச் சேர்ந்தது, நிம்மதியாக இரு என்கிறது.
மூன்று நாள் அந்த முள்ளை நம்பினேன்.
நேற்றிரவு ஒரு கணக்கு இடித்தது:
மழைக்கு முன் ஒன்றரை காட்டியது.
நான் தொடாமலே எப்படித் தேறியது?
எங்கள் ஃபேக்டரியில் ஒரு மாதம் புகாரே வரவில்லை,
மகிழ்ந்தோம்.
புகார் நோட்டு தொலைந்திருந்தது.

டார்ச்சோடு ஏறி ஆன்டெனாவையே கழற்றினேன்.
இறங்கி வந்து அழுத்தினேன்.
ஒன்று புள்ளி இரண்டு.

ஆன்டெனாவே இல்லை, அப்போதும் நலம்!
போவதையும் வருவதையும் வழியிலேயே
விழுங்கிக்கொண்டிருந்தது கேபிள்.
கத்தியால் உறையைக் கீறினேன்.
செம்புப் பின்னல் பச்சை, இடையிடையே கறுப்பு.
கனெக்டரைக் கவிழ்த்தால்
ஒரு சொட்டு. யோசித்து, இன்னொரு சொட்டு.
நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.
உப்பு.
டேப் சுற்றியது நான்தான்.
ஒரு சுற்று குறைவு. அன்றைக்குப் பசி.

ரிச்சி தெருவில் இஸ்மத் பாய்:
"ஒரே மீட்டரா? வீடு மூணு மாடின்னீங்களே."
"கேபிள் வேணாம் பாய், நானே மேல போயிடறேன்."
கத்தரிக்கோலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

இன்று ஆறு நாற்பத்தேழு.
ஸ்டார் அணைந்தது.
மகாபலிபுரம் திசையில் எழுந்து
துறைமுகக் கிரேன்களுக்கு மேல் ஏறியது.
ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் ரேடியோ,
இடுப்பில் செருகிய இன்னொன்றின் ஒயர் காதில்.
மணிக்கட்டைத் திருப்பினேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
பழைய பூட்டில் சாவி பிடிபடும் இடம் வரை.

"வீ யூ த்ரீ" என்றேன்.
காதுக்குள் ஒருத்தி "வீ யூ த்ரீ" என்றாள்,
மூக்கடைத்த குரலில், என்னைவிட ஒல்லியாக.
அறுநூறு கிலோமீட்டர் ஏறி இறங்கிய நான்.
மீதி எழுத்துகள் மறந்துபோயின.

கொழும்புக்காரி இருமி முடித்தாள்.
"வீ யூ த்ரீ, மிச்சத்தையும் சொல்லுங்கோ."

சொன்னேன்.
எண்ணூர்ப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் அது அமிழ்ந்த பிறகும்
வெறும் இரைச்சலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல.
ஏழு இருபதுக்குக் கீழிருந்து குரல்:
"அக்கா, ஸ்டார் போட்டுக்கவா?"